ஒரே வீட்டில் இரண்டு இனம்: ‘ஸ்கின்’ படத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

2008-இல் வந்த ‘ஸ்கின்’ படத்தில் பார்ப்பவரை முதலில் குழப்புவது ஒரு விஷயம். அம்மா வெள்ளையர், அப்பா வெள்ளையர். அவர்களுக்குப் பிறந்த பத்து வயதுப் பெண்ணை அரசாங்கம் ‘வெள்ளையர் அல்ல’ என்று அறிவிக்கிறது. கொஞ்ச காலம் கழித்து அதே அரசாங்கம் ‘இல்லை, வெள்ளையர்தான்’ என்கிறது. இதெல்லாம் எப்படி நடக்க முடியும்?

படத்தை இயக்கியவர் ஆண்டனி ஃபேபியன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாண்ட்ரா லெயிங்கின் உண்மைக் கதை இது. வளர்ந்த சாண்ட்ராவாக சோஃபி ஒகோனீடோவும், அப்பா ஏப்ரகாமாக சாம் நீலும், அம்மா சான்னியாக ஆலிஸ் கிரீகும் நடித்திருக்கிறார்கள். அந்த நாட்டின் அன்றைய சட்டம் தெரியாமல் பார்த்தால், பிடிவாதக்கார அப்பா ஒருவர் குடும்பத்தைச் சிதைத்த கதை என்றே தோன்றும். அது பாதி உண்மைதான். மகளுக்காக நீதிமன்றப் படி ஏறியவரும் அந்த அப்பாதான். கொன்றுவிடுவேன் என்று மிரட்டி அவளை வாழ்நாள் முழுக்க ஒதுக்கியவரும் அவரேதான். இரண்டையும் அவர் ஒரே நம்பிக்கையிலிருந்து செய்தார். அந்த நம்பிக்கையைச் சட்டமாக எழுதி வைத்திருந்தது அரசு.

முதலில் சட்டம்

1948-இல் தேசியக் கட்சி தென்னாப்பிரிக்காவில் ஆட்சிக்கு வந்தது. நிறப் பாகுபாடு அதற்கு முன்பும் உண்டு. அதைத் திட்டமிட்ட ஆட்சிமுறையாக மாற்றியது இந்த அரசு. அதற்குப் பெயர் அபார்தைட், அதாவது இன ஒதுக்கல். அடுத்தடுத்து வந்த சட்டங்களில் குடும்பத்தை நேரடியாகத் தொட்டவை நான்கு:

1. கலப்பு மணத் தடைச் சட்டம், 1949: வெள்ளையர் வேறு இனத்தவரை மணக்கக் கூடாது.

2. ஒழுக்கக்கேட்டுச் சட்டத் திருத்தம், 1950: திருமணம் இல்லாத உறவும் குற்றம். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவு 1927 முதலே குற்றமாக இருந்தது. இந்தத் திருத்தம் அதை வெள்ளையரல்லாத எல்லோருக்கும் விரித்தது.

3. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், 1950: ஒவ்வொருவரும் எந்த இனம் என்பதை அரசு பதிவேட்டில் எழுதும்.

4. குழுப் பகுதிகள் சட்டம், 1950: எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை அரசு வகுக்கும்.

மற்ற மூன்றும் நிற்பது மூன்றாவதன் மேல்தான். யாரை மணக்கலாம், எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எந்த ஆம்புலன்ஸ் வரும் என்பது வரை எல்லாவற்றையும் முடிவுசெய்தது அந்தப் பதிவேட்டில் இருந்த ஒற்றைச் சொல்.

1950 சட்டம் மக்களை மூன்றாகப் பிரித்தது: வெள்ளையர், ‘நேட்டிவ்’ எனப்பட்ட கறுப்பினத்தவர், ‘கலர்டு’. மூன்றாவதில் கலப்பினத்தவர் மட்டும் இல்லை. முதல் இரண்டிலும் அடங்காத எல்லோரும் அதில்தான் போடப்பட்டார்கள். ஆரம்பத்தில் இந்தியர்களும் சீனர்களும் அதன் உட்பிரிவாகத்தான் இருந்தார்கள்.

சரி, யார் வெள்ளையர்? சட்டம் தந்த விளக்கத்தின் சாரம் இது: பார்த்தாலே வெள்ளையர் என்று தெரிபவர், அல்லது வெள்ளையராகப் பொதுவாக ஏற்கப்பட்டவர். ஆனால், பார்க்க வெள்ளையராக இருந்தும் கலர்டாகப் பொதுவாக ஏற்கப்பட்டவர் வெள்ளையர் ஆகமாட்டார்.

இந்த விளக்கத்தில் தாய் தந்தையர் எங்கும் வரவில்லை. தோற்றமும் அக்கம்பக்கத்தின் அபிப்பிராயமும்தான் அளவுகோல். அறிவியல் என்ற பெயரைக்கூட அவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை. ஒரு மனிதரை ஊர் எப்படிப் பார்க்கிறதோ அதுவே அவருடைய சட்டப்படியான அடையாளம் என்று எழுதிவிட்டார்கள்.

தோற்றம் என்றால் யார் பார்ப்பது? பதிவு அதிகாரி. சந்தேகம் வந்தால் முகத்தையும் முடியையும் ஆராய்வார். பென்சில் சோதனை என்று பேர்பெற்ற வழக்கம் அப்படி வந்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகுவார்கள். அது நழுவி விழுந்தால் வெள்ளையர். சுருளில் சிக்கி நின்றால் இல்லை. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு சோதனை கிடையாது, நடைமுறையில் இருந்தது. ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பென்சில் விழலாம், இன்னொருவருக்கு நிற்கலாம். அண்ணன் ஓர் இனமாகவும் தங்கை இன்னோர் இனமாகவும் பதிவான குடும்பங்கள் உண்டு. தீர்ப்பு பிடிக்காதவர்கள் முறையிட மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஒருவருடைய வகைப்பாட்டைப் பற்றி மூன்றாம் மனிதர்களும் ஆட்சேபம் எழுப்ப முடிந்தது என்பது. பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகத்துக்குச் சட்டம் கதவு திறந்து வைத்திருந்தது.

சாண்ட்ராவுக்கு நடந்தது

சாண்ட்ரா 1955-இல் பீட் ரட்டீஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஆஃப்ரிகானர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு வழிவந்த வெள்ளையர்கள். தேசியக் கட்சியின் கொள்கையை மனதார ஏற்றவர்கள். சுற்றுவட்டாரக் கறுப்பின மக்களுக்குப் பொருள் விற்கும் கடை நடத்தினார்கள். மகளுக்குப் பழுப்பு நிறமும் சுருள்முடியும். பிறப்புப் பதிவில் வெள்ளையர்.

வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. வெள்ளையர் பள்ளி விடுதிக்குப் போனதும் ஆரம்பித்தது. சக மாணவர்களின் சீண்டல், மற்ற பெற்றோர்களின் புகார். ‘பொதுவாக ஏற்கப்பட்டவர்’ என்ற சட்டச் சொற்றொடர் இங்கேதான் பல்லைக் காட்டியது. ஊர் ஏற்கவில்லை என்றால் அவள் வெள்ளையர் இல்லை. 1966-இல் அரசு அவளைக் கலர்டு என்று மாற்றிப் பதிந்தது. பள்ளி வெளியேற்றியது. பத்து வயதுக் குழந்தையைப் போலீஸ்காரர்கள் இருவர் வீட்டில் கொண்டுவிட்டார்கள். தன் தவறு என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நிமிடத்திலிருந்து ஒரே வீட்டில் இரண்டு இனம். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், வெள்ளையர் பகுதியில் பெற்றோரோடு ஒரு கலர்டு சிறுமி வாழ்வதே சிக்கலுக்குரியது.

ஏப்ரகாம் சண்டை போட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் உட்பட்டார். அந்தக் காலத்து ரத்த வகைச் சோதனையால் ஒருவர் தகப்பன் இல்லை என்று நிரூபிக்க முடியும். தகப்பன்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் தகப்பனாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. நீதிமன்றம் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. யார் பெற்றார்கள் என்பது அன்றைய சட்டத்தில் கேள்வியே இல்லையே.

பிறகு 1967-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனிமேல் வம்சாவளிதான் முக்கியம். இரு பெற்றோரும் வெள்ளையராகப் பதிவானவர்கள் என்றால் பிள்ளையும் வெள்ளையர். சாண்ட்ரா மறுபடி வெள்ளையர் ஆனார். இதை அரசின் மனமாற்றம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. வெளிர்நிறம் கொண்ட கலர்டு மக்கள் தோற்றத்தை வைத்து வெள்ளையர் பட்டியலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வழியை அடைக்கவே வம்சாவளி விதி வந்தது. ஆயிரக்கணக்கானவர்களை வெளியே நிறுத்தப் போட்ட பூட்டு, தற்செயலாக ஒரு சிறுமியை உள்ளே விட்டது.

உள்ளே விட்டும் பயனில்லை. ஊர் மாறவில்லை. பழைய பள்ளித் தோழிகள் திரும்பி வரவில்லை. தூரத்து விடுதிப் பள்ளியில்தான் இடம் கிடைத்தது. விடுமுறைக்கு வந்தால், கடைக்கு வருகிற கறுப்பின மக்களோடும் அவர்களின் பிள்ளைகளோடும்தான் அவளால் இயல்பாக இருக்க முடிந்தது.

வெள்ளையருக்கு எப்படிப் பழுப்பு நிறக் குழந்தை?

தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது ஒரு மரபணு இல்லை, பல. முடியின் சுருளும் அப்படித்தான். முன்னோர் வழியாக வந்த சில கூறுகள் அப்பாவிடம் கொஞ்சமும் அம்மாவிடம் கொஞ்சமும் வெளியே தெரியாமல் தங்கியிருக்கலாம். இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேரும்போது தோற்றம் மாறலாம். இந்த அளவுக்கு மாறுவது அரிது. ஆனாலும் நடக்கக்கூடியது.

அந்த முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்? டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கேப் பகுதியில் குடியேற்றம் அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அடிமைகளைக் கொண்டுவர ஆரம்பித்தது. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். குடியேறிய ஆண்களுக்கு அப்போது ஐரோப்பியப் பெண்கள் குறைவு. அடிமைப் பெண்களோடும் உள்ளூர் கோய்கோய் பெண்களோடும் உறவும் திருமணமும் நடந்தன. வங்காளத்து ஏஞ்சலா என்ற விடுதலை பெற்ற அடிமைப் பெண் 1669-இல் ஆர்னோல்டஸ் பாசன் என்பவரை மணந்தார். இன்று பாசன் என்ற குடும்பப்பெயர் தாங்கிய ஏராளமான ஆஃப்ரிகானர்களுக்கு அவர் மூதாட்டி. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஆஃப்ரிகானர்களின் மரபில் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று கண்டது. அதில் தெற்காசியப் பங்கும் உண்டு. நம் கடற்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் சுவடும் அதற்குள் கலந்திருக்கக்கூடும்.

அபார்தைட் அரசுக்கு இது பெரிய சங்கடம். ‘தூய வெள்ளை இனம்’ என்று எந்தக் குடும்பங்களைக் காட்டி நாட்டைப் பிரித்தார்களோ, அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே அடிமைப் பாட்டிகள் இருந்தார்கள். அதை ஒப்புக்கொண்டால் சட்டம் நிற்காது. எனவே ஊருக்கு வசதியான விளக்கம் ஒன்றுதான்: தாய் தப்பு செய்திருப்பாள். சான்னி அந்தப் பேச்சைச் சுமந்தார். அன்றைய சட்டத்தில் அது வெறும் அவதூறு இல்லை. உண்மையென்றால் சிறைக்குப் போகும் குற்றம். மகளுடைய நிறத்தைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியும் தாயின் மீதான குற்றச்சாட்டாகவும் இருந்தது. ரத்தப் பரிசோதனையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், மகளின் பள்ளிக்கூட இடத்தோடு மனைவியின் மானத்துக்காகவும் ஏப்ரகாம் சாட்சி தேடினார் என்பது புரியும்.

பாகுபாடு குடும்பத்துக்குள் எப்படி வேலை செய்தது

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான் இருக்கிறது. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அப்பா போட்ட வழக்கு, வெள்ளையர்–மற்றவர் என்ற கோட்டை எதிர்த்த வழக்கு இல்லை. ‘கோடு சரி, என் மகள் அதன் இந்தப் பக்கம்’ என்பதுதான் அவர் வாதம். அவள் வெள்ளையர் என்று நிரூபிக்க, வெள்ளையராக இருப்பதே மேல் என்பதை ஒவ்வொரு நாளும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கண்ணாடியில் பார்க்கும் முகம் ஏதோ திருத்தப்பட வேண்டிய பிழை என்றாகிவிட்டது.

2. பதின்பருவத்தில் அவள் காய்கறி வியாபாரம் செய்த பெட்ரஸ் ஸ்வானே என்ற கறுப்பின இளைஞரை விரும்பினாள். அந்தக் கோடு சரி என்று ஏற்ற அப்பாவுக்கு இது துரோகமாகத் தெரிந்தது. ‘உனக்காக எவ்வளவு போராடினேன்’ என்ற கோபம் அது. இருவரும் அண்டை நாடான ஸ்வாசிலாந்துக்கு ஓடினார்கள். உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டியதற்கு அவள் அங்கே மூன்று மாதம் சிறையில் இருந்தாள். அப்பா கதவைச் சாத்தினார்.

3. அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையிலேயே கொடுமையானது. அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. அவள் பதிவேட்டில் வெள்ளையர், பிள்ளைகள் வெள்ளையர் இல்லை. வெள்ளையர் கறுப்பினப் பகுதியில் குடியிருக்க அனுமதி இல்லை. பிள்ளைகளை வெள்ளையர் பகுதிக்குக் கொண்டுபோகவும் முடியாது. பெற்ற பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் சட்டப்படி வாழ ஒரே வழி, தன்னைக் கலர்டாக மாற்றிப் பதிவது. அதற்கு அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. அவர் மறுத்தார். மகளுக்காகப் போராடி வாங்கிய அதே முத்திரை, இப்போது அவளை அவள் பெற்ற பிள்ளைகளிடமிருந்து பிரிக்கிற ஆயுதமாகிவிட்டது. அவள் மறுபடி கலர்டு ஆனது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

4. அம்மா நடுவில் நின்றார். மகளைப் பார்க்க மனம் துடித்தும் கணவரை மீறி நிற்க முடியவில்லை. அபார்தைட் சட்டத்தோடு, ஆணின் சொல்லே முடிவு என்ற குடும்ப வழக்கமும் சேர்ந்துகொண்டது.

இது ஒரு குடும்பத்தின் விசித்திர விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிர்நிறம் கொண்ட கலர்டு மக்களில் சிலர் வேலைக்காகவும் வீட்டுக்காகவும் வெள்ளையர் பக்கம் போனபோது, கறுத்த உறவினர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவரைத் தெருவில் பார்த்தும் தெரியாதவர் போல் கடந்து போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். 1980-களில்கூட ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோர் மறுவகைப்பாட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அப்படி வகை மாறியவர்களுக்கு, பின்னால் விட்டுவந்த சொந்தங்கள் சட்டத்தின் பார்வையில் வேற்றினம்.

திருமணத்தைக் குறிவைப்பது பழைய வழக்கம்

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றிலும் இதே கை தெரிகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டாலுக்குக் கொண்டுபோனது. அவர்களின் அடுத்த தலைமுறை வேரூன்றிய நேரத்தில், 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார்: கிறித்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணம் சட்டப்படி திருமணம் ஆகாது. ஒரே தீர்ப்பில் ஆயிரக்கணக்கான இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும், விடுதலையான கையோடு 1914 பிப்ரவரியில் நோயில் இறந்ததும் இந்தப் போராட்டத்தில்தான். அந்த ஆண்டே வந்த நிவாரணச் சட்டம் இந்தியத் திருமணங்களை ஏற்றது.

பின்னர் அபார்தைட் காலத்தில் டர்பனின் கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் குழுப் பகுதிகள் சட்டத்தால் பெயர்க்கப்பட்டன. பெரும்பாலானோர் 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளி சாண்ட்ராவை வெளியேற்றிய 1966-இல்தான், கேப் டவுனின் ஆறாம் வட்டம் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். கூட்டுக் குடும்பத்தை வெவ்வேறு பகுதிகளுக்குப் பிய்த்தெறிய அரசாங்கத்துக்கு ஒரு வரைபடம் போதுமானதாக இருந்தது.

சட்டம் போன பிறகு

கலப்பு மணத் தடையும் ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தின் இனப் பிரிவும் 1985-இல் நீங்கின. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991-இல் ரத்தானது. ஆனால் அப்போது புதிதாகப் பிறந்தவர்களுக்குத்தான் இனப் பதிவு நின்றது. ஏற்கெனவே பதிவானவர்களின் வகைப்பாடு, எல்லோரும் வாக்களித்த 1994 தேர்தல் வரை செல்லுபடியாகவே இருந்தது. இன்றும் அங்கே வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக ‘ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர், வெள்ளையர்’ என்ற பெயர்கள் படிவங்களில் உண்டு. பழைய அநீதியை ஈடுகட்ட அதே வகைப்பாடு தேவைப்படுகிறது என்று ஒரு தரப்பும், அது அந்தக் கோடுகளை உயிரோடு வைக்கிறது என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: இப்போது பென்சிலோடு அதிகாரி யாரும் வருவதில்லை, தன்னைப் பற்றி அவரவரே சொல்கிறார்கள்.

சாண்ட்ரா குடும்பத்துக்கு இதெல்லாம் தாமதம். அப்பா மகளைப் பார்க்காமலே இறந்துபோனார். 2000-இல், முதியோர் இல்லத்தில் இருந்த அம்மாவைச் சாண்ட்ரா கண்டுபிடித்துச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அம்மாவும் காலமானார். சகோதரர்கள் அவரோடு உறவு வைக்க மறுத்தார்கள். அவர்களைத் தடுக்க அப்போது எந்தச் சட்டமும் இல்லை.

படம் எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது

ஆஃப்ரிகான்ஸும் ஜூலுவும் பேசிய மக்களின் கதையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்வதால் படத்தில் கொஞ்சம் மண்வாசனை போய்விடுகிறது. பல பத்தாண்டுகளை ஒரே படத்தில் அடக்குவதால் பிற்பகுதி அவசரமாக ஓடுகிறது. சட்டத்தின் மாற்றங்களை வசனத்தில் தொட்டுவிட்டுப் போவதால்தான் மேலே சொன்ன பின்னணி தேவைப்படுகிறது.

அப்பாவை அரக்கனாகக் காட்டாதது படத்தின் பலம். சாம் நீலின் ஏப்ரகாம் மகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார், அவளுக்காக அலைகிறார், அதே முகத்தோடு அவளை அழிக்கவும் செய்கிறார். நிறவெறியைத் தொப்பி போட்ட போலீஸ்காரரிடமும் வில்லன் அதிகாரியிடமும் மட்டும் ஒப்படைத்துவிடுவது எளிது; பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போகலாம். இந்தப் படம் அந்த நிம்மதியைத் தருவதில்லை. மகள்மீது பாசமுள்ள ஒருவரே அந்தச் சட்டத்தின் கடைசி அதிகாரியாக மாறுவதைக் காட்டுகிறது. மகளைக் கலர்டாக மாற்றிப் பதியச் சம்மதம் தர அவர் மறுக்கும் இடத்தில், சட்டம் அவரை எதையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்து போடலாம், போடாமலும் இருக்கலாம். அவர் போடவில்லை.